செடித் தொட்டியில் கேஸ் கோளாறு: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்வது

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமானில் (குடியிருப்பில்) மட்டும் ஏழு வீட்டில் செடி வளர்க்கும் மீன் தொட்டி இருக்கிறது. ஐந்து வீட்டுக்கு நான்தான் கேஸ் பூட்டிக் கொடுத்தேன். அந்தப் பாவத்துக்கு ஏழு வீட்டுக்கும் நான்தான் ரிப்பேர். செம்பனை ஆலையில் ஒயர்மேன் வேலை பார்த்தவன் என்பதால் வால்வு, கேஜ், டைமர் எதைக் கண்டும் எனக்குப் பயம் கிடையாது. பிள்ளைகள் பள்ளியில் கரிவளி என்று படிக்கும் கார்பன் டை ஆக்சைடைத்தான் நாங்கள் கேஸ் என்கிறோம்; செடி வளர அதைச் சிலிண்டரிலிருந்து தண்ணீருக்குள் விடுகிறோம். சமையல் கேஸோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

யார் வந்து கோளாறு என்றாலும் நான் முதலில் கேட்பது, "எத்தனை மணிக்கு?" என்பதைத்தான். இந்த கேஸ் தண்ணீரில் கரையும், திரும்பி வெளியேறும். தண்ணீரோடு சேர்ந்து அமிலமாகும், திரும்பப் பிரியும். சுண்ணாம்புக் கல்லைக் கரைக்கும், அதே சுண்ணாம்பைத் திரும்பப் படியவும் விடும். எல்லாமே இரண்டு பக்கமும் ஓடுகிற வண்டி. எந்த நேரத்தில் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதிக்கு ஒரு ஸ்பேனரும் கொஞ்சம் சோப்புத் தண்ணீரும் போதும்.

கையில் இருக்க வேண்டியவை: டிராப் செக்கர் (தொட்டிக்குள் வைக்கும் சிறு கண்ணாடிக் குமிழ்; கேஸ் குறைவென்றால் நீலம், சரியென்றால் பச்சை, அதிகமென்றால் மஞ்சள்), கேஎச் (தண்ணீரில் கரைந்த கார்பனேட்டின் அளவு) சோதனைச் சொட்டு மருந்து, சமையல் வினிகர், எடை பார்க்கும் தராசு. பிஎச் மீட்டர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் குடி முழுகாது.

மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன

காரணத்தை அப்புறம் பார்க்கலாம். முதலில் சிலிண்டர் வால்வை மூடுங்கள். காற்று மோட்டார் இருந்தால் போடுங்கள். இல்லையென்றால் பில்டர் குழாயைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே தூக்கிச் சலசலவென்று விழவிடுங்கள். குளோரின் நீக்கிய தண்ணீர் இருந்தால் மூன்றில் ஒரு பங்கை மாற்றுங்கள். வெறும் காற்றோடு ஒத்துப்போன தண்ணீரில் லிட்டருக்கு அரை மில்லிகிராம் அளவுதான் இந்த கேஸ் தங்கும். நாம் செடிக்காக முப்பது மில்லிகிராம் வரை திணித்து வைத்திருக்கிறோம். வழி விட்டால் அது தானாகவே ஓடிவிடும். மேற்பரப்பைக் கலக்குவதுதான் அந்த வழி.

செய்யக்கூடாதது ஒன்று உண்டு. பிஎச் (இறங்கினால் தண்ணீரில் அமிலம் கூடியது என்று காட்டும் அளவு) இறங்கிவிட்டது என்று ஆப்பசோடாவைக் கொட்டாதீர்கள். மேல் வீட்டுத் தம்பி ஒருவன் ஒரு கரண்டி போட்டான். பிஎச் ஏறியது உண்மைதான். ஆனால் தண்ணீரில் இருந்த கேஸ் வெளியே போகவில்லை. போதாததற்கு, பிஎச் ஏறினால் கழிவிலிருக்கும் அம்மோனியாவின் விஷம் கூடும். பொழுது சாய்வதற்குள் பாதி மீன் போய்விட்டது.

மீன் தெளிந்த பிறகு மணியைப் பாருங்கள்.

*விடியற்காலையில், விளக்கு எரியும் முன் என்றால்:* இரவு முழுக்க கேஸ் ஓடியிருக்கிறது. விளக்கு இல்லாதபோது செடி கேஸை எடுக்காது. அதுவும் மீனைப் போலவே மூச்சு விட்டு இன்னும் கேஸைச் சேர்க்கும். முதல் சந்தேகம் டைமர் மேல். நம் பக்கத்தில் மாலை இடி மழைக்கு இஎல்சிபி (மின்கசிவில் தானாக அணையும் சுவிட்ச்) விழுவது வாடிக்கை. சக்கர டைமர் மின்சாரம் போனால் அப்படியே நின்றுவிடும். நாலு மணிநேரம் மின்சாரம் இல்லையென்றால் டைமரும் நாலு மணிநேரம் பின்தங்கும். மாலை ஆறுக்கு நிற்க வேண்டிய கேஸ் இரவு பத்து வரை ஓடும். என்னிடம் வருகிற செத்த மீன் கதைகளில் பெரும்பாலானவை இந்தச் சக்கரத்தில்தான் முடிகின்றன. கையால் திருப்பிச் சரியான மணிக்கு வையுங்கள். இல்லையென்றால் பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமர் வாங்குங்கள்.

டைமர் சரி என்றால் சொலினாய்டை (மின்சாரம் வந்தால் திறந்து, போனால் மூடும் கேஸ் வால்வை) சோதியுங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கேஸ் குமிழிகளாகப் போவதைக் காட்டும் குமிழி எண்ணியைப் பாருங்கள். ஐந்து நிமிடத்துக்குப் பிறகும் குமிழி வந்துகொண்டே இருந்தால் சொலினாய்டு மூடவில்லை. உள்ளே தூசியோ துருவோ சிக்கியிருக்கும். தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் செக் வால்வு கெட்டுத் தொட்டித் தண்ணீர் பின்னால் ஏறிய கதையாகவும் இருக்கலாம். கழற்றித் துடைக்கத் தெரிந்தால் துடையுங்கள். தெரியாதவர் மாற்றிவிடுவது நல்லது.

*மாலையில், விளக்கு எரியும்போதே என்றால்:* கேஸ் கூடிப்போயிருக்கிறது, அல்லது உயிர்வளி (ஆக்சிஜன்) குறைந்திருக்கிறது. டிராப் செக்கர் மஞ்சளாக இருந்தால் கேஸ்தான். கேஸின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஊசி வால்வைக் கொஞ்சமாகக் குறைத்து, இரண்டு மணிநேரம் பொறுத்து மறுபடி பாருங்கள். செக்கர் நீலமாகவோ பச்சையாகவோ இருந்தும் மீன் மேலே வந்தால் கேஸைக் குற்றம் சொல்லாதீர்கள். சூட்டில் தண்ணீருக்கு உயிர்வளி பிடிக்கும் சக்தியே குறைவு: 25 பாகை செல்சியஸில் லிட்டருக்கு 8.2 மில்லிகிராம், 30 பாகையில் 7.5 அளவுதான். தகரக் கூரை வீட்டில் மதியம் மூன்று மணிக்குத் தொட்டித் தண்ணீரைத் தொட்டுப் பாருங்கள், புரியும். விசிறி வையுங்கள். அதற்கும் அடங்கவில்லையா, அம்மோனியா சோதியுங்கள். குழாய்த் தண்ணீர் மாற்றியது அன்றைக்கா என்று வீட்டில் கேளுங்கள்.

*சிலிண்டர் தீரும் நேரத்தில் என்றால்:* இதுதான் ஆளை ஏமாற்றும். தீரப்போகும்போது கேஸ் குறையத்தானே வேண்டும்? ஆனால் ஒற்றைக் கட்ட ரெகுலேட்டரில் (சிலிண்டரின் அழுத்தத்தை ஒரே படியில் குறைக்கும் கருவியில்) சிலிண்டர் அழுத்தம் விழ விழ வெளியே வரும் அழுத்தம் ஏறும். கடைசி ஒரு நாளில் மொத்தத்தையும் தொட்டிக்குள் இறக்கிவிடும். அழுத்தம் காட்டும் கேஜ் முள் வழக்கமான இடத்தை விட்டு இறங்க ஆரம்பித்த அன்றே கேஸை மூடிச் சிலிண்டரை மாற்றுங்கள். மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள்.

குமிழியே வரவில்லை

காசு செலவில்லாத வரிசையில் போவோம். சிலிண்டர் வால்வு திறந்திருக்கிறதா? (சிரிக்காதீர்கள்; நானே ஒரு முறை ஸ்பேனரோடு கால் மணிநேரம் போராடியிருக்கிறேன்.) டைமர் மணி சரியா? சொலினாய்டைக் கையால் தொட்டால் லேசான சூடும் துடிப்பும் தெரிகிறதா? தெரியவில்லை என்றால் அதற்கு மின்சாரம் வரவில்லை.

அடுத்து, சிலிண்டர் காலியா? கேஜைப் பார்த்து மீதி எவ்வளவு என்று சொல்ல முடியாது. உள்ளே திரவம் இருக்கும்வரை முள் ஒரே இடத்தில் நிற்கும். திரவம் தீர்ந்த பிறகுதான் சரசரவென்று விழும். பால் வாளியில் எவ்வளவு இருக்கிறது என்று வெளியே நின்று ஊகிப்பதுபோல்தான் அது. தராசில் வையுங்கள். சிலிண்டரின் தோளில் காலி எடை பொறித்திருக்கும். நிறுத்த எடையில் அதைக் கழித்தால் மீதி கேஸ் எவ்வளவு என்று தெரிந்துவிடும். தராசு இல்லாதவர்கள் மளிகைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ரெகுலேட்டர் பூட்டியபடியே நிறுத்திவிட்டு, "இன்னும் அரைக் கிலோ இருக்குண்ணே" என்பவர்களும் உண்டு. அந்த அரைக் கிலோ ரெகுலேட்டர்தான்.

முள் காலையில் ஓரிடம், மதியம் ஓரிடம் என்று நிற்கிறதே என்று பயப்பட வேண்டாம். சூட்டுக்குத் தக்கபடி அது நகரும்: 20 பாகையில் சுமார் 57 பார், 30 பாகையில் 72 பார். அதற்குச் சற்று மேலே, 31 பாகையில், உள்ளே திரவம் வேறு வாயு வேறு என்ற எல்லையே அழிந்துவிடும். பிறகு நிரம்பிய சிலிண்டரில் அழுத்தம் வேகமாக ஏறும். அதனால்தான் சிலிண்டரை வெயில் படும் ஐந்தடியில் (முன்புற நடைபாதையில்) வைக்கக்கூடாது என்று ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன்.

சிலிண்டரில் கேஸ் இருக்கிறது, குமிழி எண்ணியிலும் ஓடுகிறது, கேஸைப் பொடிக் குமிழியாக்கும் டிஃபியூசரில் மட்டும் வரவில்லை என்றால் அதன் தட்டு அடைத்திருக்கிறது. குளோராக்ஸ் (துணி வெளுக்கும் மருந்து) கலந்த தண்ணீரில் ஊறவைத்து, நன்றாக அலசி, குளோரின் நீக்கி போட்ட தண்ணீரில் ஒரு இரவு வைத்துப் பூட்டுங்கள். குளோராக்ஸில் வினிகரைச் சேர்த்தால் இன்னும் வெள்ளையாகும் என்று ஒரு யோசனை சுற்றுகிறது. வேண்டாம். குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது ஆளையே சாய்க்கும்.

குமிழி வருகிறது, ஆனால் டிராப் செக்கர் நீலம்

பொறுமை முதல் மருந்து. செக்கருக்குள் இருக்கும் நீருக்கும் தொட்டித் தண்ணீருக்கும் நடுவே ஒரு காற்றுப் பை இருக்கிறது. கேஸ் தொட்டியிலிருந்து அந்தப் பைக்கு, பையிலிருந்து செக்கருக்கு என்று நடந்துதான் போக வேண்டும். ஒன்றிலிருந்து இரண்டு மணிநேரம் பிடிக்கும். திரும்பி வரவும் அதே நேரம்தான். கேஸை நிறுத்தினால் பச்சை மறுபடி நீலமாகும். "இரவில் நீலமாகிவிட்டது, மருந்து செத்துப்போச்சு" என்று புதிதாக வாங்கி ஊற்றிய அக்கா ஒருவர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார். அது சாகவில்லை, கேஸ் வெளியே போனதைத்தான் சொன்னது.

இரண்டு மணிநேரம் கழித்தும் நீலம் என்றால், உள்ளே என்ன ஊற்றியிருக்கிறீர்கள்? தொட்டித் தண்ணீரை ஊற்றியிருந்தால் அந்த நிறத்துக்கு அர்த்தமே இல்லை. கேஎச் 4 என்று அளந்து செய்த நீர்தான் வேண்டும். அந்த நீரில் பிஎச் 6.6 ஆகும்போது லிட்டருக்கு 30 மில்லிகிராம் கேஸ். அப்போது புரோமோதைமால் நீலச் சாயம் பச்சையாகத் தெரியும். கேஎச் வேறானால் கணக்கே மாறிவிடும்.

நீர் சரி என்றால் கேஸ் எங்கே போகிறது என்று தேடுங்கள். இந்த இடத்தில்தான் நான் நேரம் செலவழிப்பேன், காரணம் பெரும்பாலும் பத்து வெள்ளிக்குள் முடிந்துவிடும். முதலில் மேற்பரப்பு. பில்டர் தண்ணீர் அருவிபோல் விழுந்தால் நீங்கள் விடும் கேஸை அதுவே வீட்டுக்குள் அனுப்பிவிடும். சற்றுத் தாழ்த்தி, தண்ணீர் அலைய மட்டும் விடுங்கள். அப்புறம் குழாய். காற்று மோட்டாருக்கு வரும் மெத்தென்ற சிலிக்கான் குழாயை இதற்கும் போட்டிருப்பார்கள். சிலிக்கான் சுவர் வழியாகவே இந்த கேஸ் கசியும். எந்த ஓட்டையும் கண்ணில் படாது, சோப்பிலும் தெரியாது. கேஸுக்கென்று விற்கும் கெட்டியான பாலியூரித்தேன் குழாயாக மாற்றுங்கள். இரண்டே மீட்டர்தானே.

அதற்குப் பிறகு சோப்புத் தண்ணீர். பாத்திரம் கழுவும் சோப்பைக் கரைத்து ஒவ்வொரு மூட்டிலும் தடவுங்கள். நுரை ஊதினால் கசிவு. பெரும்பாலும் சிலிண்டரும் ரெகுலேட்டரும் சேரும் இடத்தில் இருக்கும் வாஷர்தான் குற்றவாளி. சிலிண்டர் மாற்றும்போதெல்லாம் வாஷரையும் மாற்றுங்கள். குழாய்க்காரர்போல் வெள்ளை டேப் சுற்றி முறுக்குவதால் பயனில்லை. அந்த மூட்டை அடைப்பது வாஷர், மரை அல்ல.

இவ்வளவும் சரியென்றால் மட்டும் குமிழி எண்ணிக்கையைக் கூட்டுங்கள். ஒரு நாளைக்கு ஒரு சிறு திருப்பு, அதுவும் நீங்கள் வீட்டில் இருக்கும் நாளில்.

செக்கர் பச்சை, செடி மட்டும் வளரவில்லை

கேஸ் வேலையைச் செய்துவிட்டது. விளக்கையும் உரத்தையும் பாருங்கள். இதற்கு என்னைக் கூப்பிட வேண்டியதில்லை.

பிஎச் கணக்கு கேஸ் அதிகம் என்கிறது, மீனோ குதித்து விளையாடுகிறது

பிஎச்சையும் கேஎச்சையும் பார்த்து கேஸ் அளவு சொல்லும் அட்டவணை ஒன்று எல்லாரிடமும் இருக்கிறது. தண்ணீரில் வேறு அமிலம் இல்லாதவரைதான் அது உண்மை பேசும். நம்மவர்கள் சண்டை மீனுக்கென்று கெத்தாப்பாங் (நாட்டு வாதுமை) இலை போடுகிறார்கள். இலைச் சாறும் பிஎச்சை இறக்கும். அட்டவணை அதையும் கேஸ் கணக்கில் எழுதிவிடும்.

சோதனை எளிது. ஒரு கிளாஸ் தொட்டித் தண்ணீரை எடுத்து பிஎச் பாருங்கள். ஒரு நாள் திறந்து வைத்து, அவ்வப்போது கலக்கி, மறுபடி பாருங்கள். கேஸால் இறங்கிய பிஎச் மேலே வந்துவிடும். இலையால் இறங்கியது அப்படியே கிடக்கும். ஏறியது எவ்வளவோ அவ்வளவுதான் கேஸின் பங்கு. ஒன்று ஏறினால் கேஸ் பத்து மடங்கு இருந்தது என்று பொருள்.

கேஎச் வாரா வாரம் ஏறுகிறது, கண்ணாடி விளிம்பில் வெள்ளைப் படிவம்

தொட்டிக்குள் என்ன கல் இருக்கிறது? கிந்தா பள்ளத்தாக்கில் கேட்கவே வேண்டாம். ஈப்போவிலிருந்து நம் ஊர்வரை எட்டிப் பார்க்கும் மலையில் பாதி சுண்ணாம்புக் கல். கோயில் திருவிழாவுக்குப் போன இடத்தில் அழகாக ஒரு துண்டு கிடந்தது என்று எடுத்து வந்து தொட்டியில் வைப்பது பெரிய விஷயமாகத் தெரியாது. சாதாரணத் தொட்டியில் அது பல மாதம் சும்மா கிடக்கும். கேஸ் ஓடும் தொட்டியில் தண்ணீர் லேசான அமிலம். அது கல்லைத் தின்று பைகார்பனேட்டாகத் தண்ணீருக்குள் இழுக்கும். குகைகளைக் குடைந்ததும் மழைத் தண்ணீரிலிருந்த இதே கேஸ்தான். கண்ணாடி விளிம்பில் தெறித்த துளி காயும்போது கேஸ் பறந்துவிடும், வண்டி திரும்பி ஓடும், சுண்ணாம்பு வெள்ளையாகப் படியும். குகைக் கூரையில் தொங்கும் கல்லும் அப்படி வளர்ந்ததுதான். கெட்டிலின் அடியில் இருப்பதும் அதுவே.

கல்லை வெளியே எடுத்து, உலர்த்தி, சுரண்டிய இடத்தில் வினிகர் விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு. நுரை லேசாக இருக்கலாம், காதருகே வைத்தால் சீறுவது கேட்கும். சந்தேகமாக இருந்தால் கல்லை வாளித் தண்ணீரில் ஒரு வாரம் போட்டு, முன்னும் பின்னும் கேஎச் பாருங்கள். கித்தா (ரப்பர்) பால் உறையவைத்த அமிலம் வீட்டில் இருக்கிறது, அதை ஊற்றலாமா என்று ஒரு பெரியவர் கேட்டார். அது பார்மிக் அமிலம், தோலைப் பொசுக்கிவிடும். வினிகர் போதும். பங்கோர் கடற்கரையில் பொறுக்கிய சிப்பியும் பவளமும் இதே சாதிதான்.

கல் குற்றமற்றது என்றால் தண்ணீரைச் சந்தேகியுங்கள். மலையடிவாரக் கிணற்றுத் தண்ணீர் இறைத்தவுடன் பிஎச் 6.8 காட்டும், வாளியில் ஒரு நாள் இருந்தால் 7.8க்குப் போகும், மேலே மெல்லிய வெள்ளை ஏடு கட்டும். மண்ணுக்கடியில் பிடித்த கேஸ் வெளியேறுகிறது, அவ்வளவுதான். கிணற்றுத் தண்ணீரை ஒரு நாள் காற்றோட்டி, பிறகு அளந்தால்தான் அது உங்கள் தண்ணீரின் உண்மையான பிஎச்.

ஏறிய கேஎச் தானாக இறங்காது. கல்லை எடுத்துவிட்டு, மென்மையான (கேஎச் குறைந்த) தண்ணீரால் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். ஒரே நாளில் இறக்கினால் மீன் தாங்காது.

சீனியும் ஈஸ்டும் போட்ட பாட்டில் பொங்குகிறது, அல்லது நின்றுவிட்டது

கள்ளுக்கடைப் பானை நுரைப்பதும் இதே சங்கதிதான். நம் சூட்டில் முதல் இரண்டு நாள் ஆட்டம் போடும், பிறகு அடங்கும். நுரை குழாயில் ஏறினால் நடுவில் ஒரு வெற்றுப் பாட்டிலைப் பொறி மாதிரி வையுங்கள். நின்றுவிட்டால் புதிதாகக் கலக்குங்கள். கண்ணாடிப் பாட்டில் மட்டும் வேண்டவே வேண்டாம். குழாய் அடைத்தால் வெடிக்கும். பிளாஸ்டிக் சோடா பாட்டில் கெட்டியாக உப்பியிருந்தால் மூடியை மெதுவாகத் திறந்து காற்றை விடுங்கள். இந்தப் பாட்டிலுக்கு மூடும் வால்வு கிடையாது என்பதால் இரவிலும் ஓடும். காற்று மோட்டாரை இரவு டைமரில் போடுங்கள்.

இதற்கு மேல் கை வைக்காதீர்கள்

சிலிண்டர் தலைப்பு வால்வே கசிகிறது, ரெகுலேட்டரின் முள் மூடிய பிறகும் ஏறுகிறது, பாதுகாப்புத் தகடு கிழிந்து சீறுகிறது, சிலிண்டரில் துருவோ அடிபட்ட பள்ளமோ இருக்கிறது: இவை எதையும் வீட்டில் பிரிக்கக்கூடாது. ஈப்போவில் சிலிண்டர் நிரப்பும் கடைகளும் தீயணைப்புக் கருவிக் கடைகளும் இருக்கின்றன, அவர்களிடம் கொண்டுபோங்கள். தோளில் பொறித்த சோதனைத் தேதியையும் அங்கே பார்க்கச் சொல்லுங்கள். பழைய தீயணைப்புக் கருவியை யாரோ மாற்றிக் கொடுத்தது என்றால் இன்னும் கவனம்.

அறைக்குள் சீறல் நிற்காவிட்டால் மூடப் போராடாதீர்கள். ஒரு கணக்கு சொல்கிறேன். 2 கிலோ கேஸ் முழுதும் வெளியேறினால் ஆயிரத்து நூறு லிட்டர் வாயு. பத்துக்குப் பத்தடி படுக்கையறை, கதவு சன்னல் மூடியிருந்தால் காற்றில் நாலு விழுக்காட்டுக்கு மேல் ஏறிவிடும். தலைவலி, மூச்சுத் திணறல் எல்லாம் அதற்கு முன்பே தொடங்கும். காற்றைவிடக் கனமானதால் தரையோடு தங்கும், பாயில் படுத்திருக்கும் பிள்ளைக்குத்தான் முதலில் போகும். எல்லாரையும் வெளியே அழைத்து வாருங்கள், போகிற வழியில் கதவு சன்னலைத் திறந்துவிடுங்கள். யாராவது மயங்கிக் கிடந்தால் உள்ளே ஓடிப் போகாமல் 999 அழைத்துப் பொம்பாவை (தீயணைப்புப் படையை) கூப்பிடுங்கள்.

நிரப்பப் போகும்போது சிலிண்டரை நிமிர்த்தி வைத்து பெல்ட்டால் கட்டுங்கள். ரெகுலேட்டரை வீட்டிலேயே கழற்றி வையுங்கள். கார் சன்னல் இரண்டு விரல் அளவாவது திறந்திருக்கட்டும், ஏர்கான் போட்டிருந்தாலும் சரி. வழியில் சாப்பிட நிறுத்தினால் சிலிண்டரை வெயிலில் காருக்குள் விட்டுப் போகாதீர்கள். நிரப்பி முடித்ததும் நேரே வீட்டுக்கு வந்துவிட்டு அப்புறம் சாப்பிடலாம்.